எழுத்து நேராக வந்த பலகை

ஓய்வு பெற்றவர்கள் எழுதவேண்டிய கட்டுரை இது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் வயது இருபத்து நான்கு.

சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன். கைதட்டல் அடங்கும்வரை மேடையில் காத்து நின்று பழகியவன் நான். சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றது அதைவிட அதிகம். எங்கள் கல்லூரி மின்னணுக் கழகத்து இளையோர் சிலர் அண்மையில் வீடு தேடி வந்தார்கள். "அண்ணா, நீங்க போர்டு ரிப்பேர் பண்ணுன காலத்தப் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை வேணுமுங்க" என்றார்கள். "பண்ணுன காலம்" என்று அவர்கள் சொன்ன மாத்திரத்திலேயே எனக்கு நரை தட்டிவிட்டது. ஆயினும் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. இப்போது திருப்பூருக்கு வந்திறங்கும் இயந்திரங்களின் மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகள் கடுகளவே இருக்கின்றன. கெட்டுப்போனால் எவரும் பழுது பார்ப்பதில்லை. பலகையையே கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகுகிறார்கள். எங்கள் வீட்டு மாடி அறையில் அண்ணியும் நானும் நடத்திவந்த பணிமனையில் இப்போது அண்ணன் வெங்காயம் காயப்போடுகிறார். ஆகவே, ஒரு துறையின் மூத்தோன் என்ற உரிமையில், அடக்கத்துடன் தொடங்குகிறேன். அடக்கம் எனக்குப் புதிது, தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. சுருக்கினால்தான் மானம் மிஞ்சும். பள்ளி நாளில் வானொலிப் பெட்டி ஒன்றை இணைத்தேன். அது பாடவில்லை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி பாடுவதை நிறுத்தியது. அழைப்பு மணி ஒன்று செய்தேன். யாரும் அழைக்காதபோது மட்டும் அது அடித்தது. மின்தேக்கியைத் தலைகீழாக இணைத்தால் வெடிக்கும் என்று ஒரு நூலில் படித்தேன், செய்து பார்த்தேன், அந்நூலாசிரியர் பொய் சொல்லாதவர் என்று அறிந்தேன். இவ்வளவுதான் என் கல்வி. மற்ற நேரமெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன். சொற்போர், பட்டிமன்றம், கொடுத்த தலைப்பில் உடனடிப் பேச்சு என எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அங்கே நான் இருந்தேன். "நாவரசு" என்று கல்லூரித் தமிழ்மன்றம் எனக்குப் பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்த மன்றத்தின் செயலாளரும் நானே என்பதை இங்கே விரித்துரைக்க இடமில்லை.

பணிமனையின் தலைமை அண்ணி பூங்கொடியிடம் இருந்தது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்து, மங்கலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மணமாகி வந்தவர். அண்ணனோ சாயப்பட்டறையில் ஷிஃப்ட் பார்ப்பவர். ஒரு கம்பியில் மின்சாரம் வருகிறதா என்பதைத் தொட்டுப் பார்த்து அறியும் மரபினர். திருமணமாகி வந்த முதல் மாதத்திலேயே அண்ணி மாடி அறையில் ஒரு மேசையைப் போட்டு, சுற்றுவட்டாரத் தையல் நிறுவனங்களின் பழுதான பலகைகளை வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் உதவியாளனாகச் சேர்ந்தேன். என்னை யாரும் சேர்க்கவில்லை. நானே சேர்ந்தேன்.

அண்ணி கோபத்தில் குரலை உயர்த்தமாட்டார், மரியாதையை உயர்த்துவார். வேலை சரியாக இருந்தால் நான் "தம்பி". ஏதோ ஐயம் எழுந்துவிட்டால் "கொழுந்தனாரே". நான் உண்மையிலேயே ஏதாவது ஒன்றைக் கருக்கியிருந்தால், "ஏனுங்க, பேச்சாளருங்களா" என்று, வெல்லப்பாகு போன்ற குரலில் ஓர் அழைப்பு வரும். அந்த அழைப்பைக் கேட்டு நான் மாடிப்படியில் பின்வாங்கிய நாள்கள் உண்டு.

அவருடைய செய்முறையை இளையோர்க்காக விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பலகை வந்தால் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். கருகிய உறுப்புக்கு ஒரு வாசம் உண்டு. பலநாள் ஈரம் பிடித்ததற்கு வேறொரு வாசம். பின்னர் வண்ணம் பூசும் தூரிகையால் அதில் படிந்திருக்கும் பஞ்சைத் தட்டுவார். அதன்பின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஈயம் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் தலையில் பேன் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மின்சாரம் கொடுப்பது கடைசியில்தான். அதையும் நேரடியாகக் கொடுக்கமாட்டார். வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டி, அதன் வழியாகத்தான் கொடுப்பார். பலகைக்குள் எங்கேனும் குறுக்குத்தொடர்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பலகை பிழைத்துக்கொள்ளும். பல்பு மங்கலாக எரிந்தால் அண்ணியின் முகம் மலரும். நான் பல்பு இல்லாமல் நேரே கொடுத்துப் பார்த்தவன். அந்தப் பலகையின் பெயரை இங்கே சொல்லி அதன் குடும்பத்தை வருத்த விரும்பவில்லை.

பலகை கொண்டுவருபவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே. "என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஏன் ஆச்சுன்னு நீங்க சொல்லாதீங்க." இது வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. ஆனால் சொல்லும்போது அவர் கண் என்மேல்தான் இருக்கும்.

ஏனென்று கேளுங்கள். நான் சேர்ந்த புதிதில், தையல் இயந்திர மோட்டாரின் பலகையோடு ஒருவர் வந்தார். அண்ணி கீழே சமையலில் இருந்தார். வாய்ப்பை நழுவவிடலாமா? "இதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்" என்று தொடங்கினேன். முதற்காரணத்தை விளக்கி, இரண்டாவதை நிறுவி, மூன்றாவதன் வாயிலாக முதலிரண்டையும் மறுத்து, அவர் கண்கள் பனிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். அண்ணி கை துடைத்துக்கொண்டே மேலேறி வந்தார். பலகையை வாங்கினார், முகர்ந்தார், தூரிகையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பஞ்சுங்க" என்றார்.

"வெறும் பஞ்சுங்களா?" என்றார் வந்தவர்.

"ஆமாங்க. பனியன் பஞ்சு. உள்ள போயி அடைச்சிருக்குது. ஊதுனாப் போயிருமுங்க."

"அப்ப தம்பி சொன்ன அந்த மூணு காரணமுங்க?"

"அதுவும் ஊதுனாப் போயிருமுங்க."

இன்னொன்றும் சொல்லவேண்டும். பற்றவைக்கும் கோலை நான் பிடிக்கும் முறை அண்ணிக்குப் பிடிக்காது. பேனா பிடிப்பதுபோல் பிடிக்கவேண்டிய அதை நான் ஒலிவாங்கி பிடிப்பதுபோல் பிடிப்பேன். மாவட்டப் போட்டி ஒன்றுக்கான உரையை ஒருநாள் வேலையினூடே ஒத்திகை பார்த்தேன். "தொழிலாளத் தோழனே, நிமிர்ந்து பார்!" என்ற இடத்தில் கை தானாக நீண்டது. சாய நிறம் ஒப்பிட்டுப் பார்க்க அண்ணன் எடுத்துவந்து கொடியில் போட்டிருந்த மாதிரித் துணியின் நட்ட நடுவில் ஒரு துளை விழுந்தது. அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, இது சாம்பிள் பீஸுடா. துணி வாங்கற பையர் இதப் பாத்து, இதே மாதிரி ஓட்டையோட எல்லாப் பீஸும் வேணும்னா நீ வந்து ஒவ்வொண்ணா சுட்டுத் தருவியா?"

"நிமிர்ந்து பார்" என்று நான் சொன்னது தொழிலாளத் தோழனை. நிமிர்ந்து பார்த்தவரோ என் அண்ணன். உரை வீணாகவில்லை.

இத்தகைய தகுதிகளோடு நான் இருந்த காலத்தில்தான் சாதிக் பாய் வந்தார். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் துணி பின்னும் நிறுவனம் வைத்திருந்தவர். அவரோடு அவருடைய ஆபரேட்டர் அந்தோணியும் வந்திருந்தார். அந்தோணிக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. ஆனால் பரிதாபப்பட வந்தவர் எவரும் அவரைக் கண்டதும் அந்த எண்ணத்தை உடனே கைவிடுவர். முறுக்கிய மீசை, சட்டைப்பையில் சீப்பு, உலகத்தையே தாம் மேற்பார்வை செய்வதுபோன்ற ஒரு தோரணை. தற்பெருமையில் என் நிகரை நான் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

சாதிக் பாய் விவரத்தைச் சொன்னார். அவர் வாங்கிப் போட்டிருந்தவை பழைய வட்டப் பின்னல் இயந்திரங்கள். நூல் அறுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். நின்றதை அறிவிக்க விளக்கு எரியவேண்டும். இவற்றில் விளக்குகள் எப்போதோ செத்துவிட்டன. "கீ" என்று ஓர் ஒலி மட்டும் வரும். இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும் நான்கு இயந்திரங்களை ஓர் ஆபரேட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த இரண்டைப் பார்த்து நின்றாலும் மற்ற இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான். முதுகுக்குப் பின்னால் நின்றுபோன இயந்திரம் அந்தோணிக்குத் தெரியாது.

"புது சூப்பர்வைசர் ஒருத்தன் வந்திருக்கானுங்க அம்மிணி" என்றார் சாதிக் பாய். "காது கேக்காத ஆளு எதுக்குங்க மெஷின்ல, பேக்கிங்குக்கு மாத்துங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். திங்கக்கிழமை புது ஆர்டரு ஓட ஆரம்பிக்குது. அதுக்குள்ள மெஷின் நின்னா இவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுத்தீங்கன்னா இவன் அங்கேயே நிப்பான். இல்லீன்னா எனக்குப் பதில் சொல்ல வழியில்லீங்க."

"பேக்கிங்" என்ற சொல்லை அந்தோணி உதட்டில் படித்துவிட்டார் போலும். கையில் இல்லாத பனியன் ஒன்றை விரித்தார், மடித்தார், நீவினார், அடுக்கினார். பின்னர் கண்களை மூடி, கைகளை மார்பில் குவித்து, பாடையில் கிடப்பவர்போல் நின்று காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் எழுந்தேன். எழாமல் இருந்திருக்கலாம். "அஞ்சவேண்டாம்! திங்கட்கிழமைக் கதிரவன் எழும்முன் உங்கள் கண்முன் ஒளி எழும்" என்று தொடங்கி, உழைப்பின் மாண்பு வழியாக மாந்தநேயத்துக்கு வந்துகொண்டிருந்தேன். என் பெயரும் கதிரவன் என்பதால் அந்த முதல் வரியில் எனக்குத் தனிப் பற்று. அந்தோணி என் உதடுகளைச் சிறிது நேரம் கவனித்தார். அதன்பின் அண்ணியின் பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் மற்ற நான்கு விரல்களையும் வாத்தின் அலகுபோல் திறந்து திறந்து மூடி, புருவத்தை உயர்த்தினார்.

சாதிக் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "எப்பவுமே இப்படித்தானான்னு கேக்கறானுங்க."

அண்ணி தலையை ஆட்டினார். ஆமென்று.

அன்று மாலையே அண்ணி வழியைச் சொல்லிவிட்டார். ஆலையின் நடுத்தூணில், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி, நான்கு நிறங்களில் நான்கு பல்புகள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நிறம். இயந்திரம் நின்றால் அதன் பல்பு எரியவேண்டும். இவற்றை இயக்க ஒரு பலகை. அதில் சில ஐ.சி.க்கள், பல்பைப் போட்டு அணைக்க நான்கு ரிலேக்கள். படத்தைத் தாளில் வரைந்து என்னிடம் கொடுத்தார். மறுநாள் மங்கலத்தில் அவர் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. ஞாயிறு மதியம்தான் திரும்புவார்.

"தம்பி, இந்தப் படத்துல இருக்கற மாதிரியே செம்புத் தகட்டுல மார்க்கர் பேனால வரைஞ்சு, கரைச்சு, ஓட்டை போட்டு வையுங்க. வந்து நான் பார்ட்ஸ் வெக்கறேன். புதுசா ஒண்ணும் பண்ணிராதீங்க."

"இல்லீங்க அண்ணி."

"நெசமாலுமே?"

"நெசமாலுமேங்க."

மார்க்கர் பேனாவால் வரைவதாம்! நாவரசு கதிரவனின் முதற்பெரும் படைப்பைப் பள்ளிப் பிள்ளை வரைவதுபோல் வரைவதா? அச்சடித்த தாளைச் செம்பின்மீது வைத்துச் சூட்டில் அழுத்தினால் மை செம்புக்கு மாறிவிடும் என்று படித்திருந்தேன். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? பனியனில் ஸ்டிக்கர் அச்சிட்டு அழுத்தும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கல்லூரிக் கணினியில் படத்தைத் துல்லியமாக வரைந்தேன். வரைந்து முடித்ததும் மூலையில் சிறிது இடம் மிஞ்சியது. இடம் மிஞ்சினால் என்ன செய்வது? "வடிவமைப்பும் ஆக்கமும்: நாவரசு கதிரவன்" என்று கொட்டை எழுத்தில் பொறித்தேன். இடம் போதாமல் ஒரு மின்தடையை நகர்த்தவேண்டி வந்தது.

இங்கே ஒரு நுட்பம். அண்ணியின் படம் பலகையை மேலிருந்து பார்ப்பதாக வரையப்பட்டது. செம்போ பலகையின் அடியில் இருக்கிறது. எனவே தாளில் உள்ளதை அப்படியே அச்சிட்டு அழுத்தினால் செம்பில் இடவலம் மாறி விழும். அப்படி மாறி விழுவதே சரி. எழுத்து இருந்தால் அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு தெரியும். அதுவும் சரி. எனக்கு இது தெரியாதா? தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் தெருமுனை ஸ்டிக்கர் பட்டறையில் முருகேசன் என்ற தூத்துக்குடிக்காரர் வேலை பார்த்தார். கணினித் திரையில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, பனியன்ல அடிக்கப் போறீயளா?" என்றார்.

"பனியனில் அன்று, செம்பில்."

"எதுல அடிச்சா என்ன? எழுத்து நேரா வரணும்லா?"

ஒரு நொடி. என் பெயர் புரண்டு கிடக்கும் காட்சி மனக்கண்ணில் தோன்றியது. படித்ததெல்லாம் அந்த நொடியில் என்னைவிட்டு நீங்கியது.

"நிச்சயமாக வரவேண்டும்" என்றேன்.

"அப்பம் திருப்பிப் போட்டுருதேன்" என்று ஒரு பொத்தானைத் தட்டினார் முருகேசன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த ஊரில் அச்சின் சரிபிழையைச் சொல்ல ஒரே ஒரு சோதனைதான் உண்டு: நெஞ்சில் அச்சிட்ட எழுத்து எதிரே வருபவனுக்குப் படிக்க வருகிறதா? வந்தால் சரக்கு கப்பலேறும். முருகேசன் தம் தொழிலைப் பழுதறச் செய்தார். ஸ்டிக்கரின் பின்பக்க வழவழப்புத் தாளில் அச்சிட்டு, செம்புத் தகட்டைச் சூடான அழுத்து இயந்திரத்துக்குள் வைத்து இறக்கினார். தாளை உரித்தபோது கோடுகள் மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தன. என் பெயர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி நேராக இருந்தது.

வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டியில் ஃபெரிக் குளோரைடு கரைசலை ஊற்றி, தகட்டை அதிலிட்டு, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் ஆட்டினேன். வேண்டாத செம்பு கரைந்தது. அண்ணனின் வெள்ளைத் துண்டு துருநிறமானது. துளைகளும் இட்டேன். ஞாயிறு மதியம் அண்ணி வந்து இறங்கியபோது, பலகையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். தாம்பாளம் மிகை என்பதை இப்போது உணர்கிறேன்.

அண்ணி பலகையை எடுத்துச் செம்புப் பக்கத்தைப் பார்த்தார். என் பெயரைப் படித்தார். படிக்க முடிந்தது, அதுதான் வினையே.

"ஏனுங்க, பேச்சாளருங்களா."

நான் மாடிப்படியைப் பார்த்தேன். அண்ணன் வழியில் நின்றிருந்தார்.

"உங்க பேரு ரொம்ப நேரா வந்திருக்குதுங்க."

"ஆமாங்க அண்ணி."

"அது நேரா வந்ததுனால மத்ததெல்லாம் என்னாயிருக்குமுங்க?"

ஐ.சி. என்பது பூரான்போல இருபுறமும் கால்கள் கொண்டது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு வேலை. என் பலகையில் இடப்புறக் கால்களுக்குரிய தடங்கள் வலப்புறத்திலும், வலப்புறத்துக்குரியவை இடப்புறத்திலும் இருந்தன. வேறு செம்புத் தகடு கைவசமில்லை. ஞாயிறு கடைகள் இல்லை. விடிந்தால் திங்கள். அந்தோணி பாடையில் கிடப்பவர்போல் நின்ற காட்சி நினைவில் வந்தது. அந்த மனிதர் நாளை பனியன் மடிக்கப்போவது என் பெயர் அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காக. ஒரு மன்னிப்புரை தொடங்கினேன்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல சால்டரிங் அயர்ன சூடு பண்ணுங்க" என்றார் அண்ணி.

அவர் கண்டுபிடித்த வழி எளியது, பார்க்கச் சகியாதது. செம்புப் பக்கமே மேற்பக்கம்போல் விழுந்திருப்பதால், ஐ.சி.க்களைச் செம்புப் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பற்றவைத்துவிட்டால் கால்கள் சரியாகப் பொருந்தும். உடலைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, கோலின் நுனியைப் பக்கவாட்டில் நுழைத்து, ஒவ்வொரு காலாகப் பிடித்தார். நான் இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சும் விடவில்லை, பேச்சும் விடவில்லை. ரிலேக்கள் பருத்த பெட்டிகள்; அவற்றுக்கடியில் கோல் நுழையாது. ஆனால் அவற்றின் கால்கள் இருபுறமும் ஒத்தாற்போல் இருந்ததால், வழக்கம்போல் மறுபக்கத்திலேயே பொருந்தின. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. ஒருபுறம் ஐ.சி.க்கள், மறுபுறம் ரிலேக்கள். சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டவன்போல் இருந்தது பலகை. தொடர் பல்பில் மின்சாரம் கொடுத்தோம், மங்கலாக எரிந்தது. அண்ணி என்னை மீண்டும் "தம்பி" என்று அழைத்தார். அந்த மகிழ்ச்சியில் நாங்கள் இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலிபாளையத்தில் சாதிக் பாய், சூப்பர்வைசர், அண்ணி, நான் எல்லாரும் தூணைச் சுற்றி நின்றோம். அந்தோணி மீசையை முறுக்கிக்கொண்டு நான்கு இயந்திரங்களுக்கும் நடுவே நின்றார். இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. பலகைக்கு இணைப்புக் கொடுத்தேன்.

சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் நான்கும் ஒருசேர எரிந்தன. இயந்திரங்கள் நான்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"பரவாயில்லீங்க" என்றார் சூப்பர்வைசர். "மாரியம்மன் பண்டிகை மாதிரி இருக்குது. ரேடியோ செட்டு மட்டும் கட்டுனாப் போதும்."

அண்ணி ஓர் இயந்திரத்தின் நூலைக் கையால் அறுத்தார். இயந்திரம் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது.

"ரிலே" என்றார் அண்ணி, நெற்றியில் தட்டிக்கொண்டு. ரிலேயின் ஒரு முனை, இயங்கும்போது இணைப்பது. எதிர்முனை, இயங்கும்போது பிரிப்பது. கால்கள் ஒத்தாற்போல் இருந்தனவே ஒழிய வேலைகள் ஒத்தவை அல்ல. என் பெயர் நேரான குற்றத்துக்கு அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. எரியவேண்டியபோது அணைந்தது, அணையவேண்டியபோது எரிந்தது.

"ரிலேக்கு ஒரு வயரு மாத்துனாச் சரியாயிருமுங்க. கொஞ்சம் பொறுங்க" என்று அண்ணி திருப்புளியை எடுத்தார். அவருக்கு நேரம் ஈட்டித் தருவது என் கடமை என்று நினைத்துச் சூப்பர்வைசரின் பக்கம் திரும்பி, "ஒளி என்பது யாது?" என்று தொடங்கினேன்.

மின்சாரம் போய்விட்டது. சத்தியமாக என் உரையால் அன்று. அந்நாள்களில் அது அப்படித்தான் போகும். இருளும் அமைதியும் சிறிது நேரம். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தோணி ஓடி ஓடி இயந்திரங்களைத் திரும்ப ஓட்டினார். விளக்குகள் எரிந்தன, மஞ்சளைத் தவிர. அந்தோணி சட்டென்று மஞ்சள் இயந்திரத்தின் பக்கம் போனார். அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் சட்டத்தில் வைத்துப் பார்த்தார், ஓடத்தான் செய்தது. நிமிர்ந்து தூணைப் பார்த்தார். ஜெனரேட்டர் எழுந்த அதிர்ச்சியில் மஞ்சள் பல்பின் இழை அறுந்திருந்தது.

திருப்புளியோடு போன அண்ணி பாதி வழியில் நின்றுவிட்டார். அந்தோணியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணி கைகளை வேகமாக அசைத்துச் சாதிக் பாயிடம் ஏதோ சொன்னார். நெடுங்காலம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குள் ஒரு மொழி இருந்தது. இருட்டைக் காட்டினார்; பல்பைக் காட்டினார்; திருப்புளியைக் காட்டி, வேண்டாம் என்றார்.

"மாத்த வேண்டாங்கறான் அம்மிணி" என்றார் சாதிக் பாய். "நின்னா எரியற மாதிரி வெச்சு, பல்பு பீஸ் போயிருந்தா? மெஷின் நின்னே கெடக்கும். இவன் நல்லா ஓடுதுன்னு நெனச்சுட்டு மீசைய முறுக்கிட்டு நிப்பான். இப்படி இருந்தா எரியற வரைக்கும் கவலையில்ல. அணைஞ்சா மெஷினோ, பல்போ, வயரோ, ஏதோ ஒண்ணு போச்சுன்னு போய்ப் பாத்துக்கறேங்கறான்."

"நானும் அதத்தானுங்க நெனச்சேன்" என்று அண்ணி திருப்புளியைப் பையில் போட்டார்.

அன்று ஷிஃப்ட் முடியும்வரை சூப்பர்வைசர் நூலை அறுத்து அறுத்துச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அவர் திரும்புவதற்குள் அந்தோணி அங்கே நின்றார். ஒருமுறை, காது கேட்கும் பக்கத்து வரிசை ஆபரேட்டரின் இயந்திரம் நின்றதையும் அந்தோணியே போய்த் தோளில் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அது தேவையற்ற ஆடம்பரம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேக்கிங் பேச்சு அத்தோடு நின்றது. நான் அந்தோணியிடம் சென்று, இந்த அமைப்பை உண்மையில் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுத்தான் வடிவமைத்தோம் என்று விளக்க வாய் திறந்தேன். அவர் என் உதடுகளை இரண்டு விரல்களால் மென்மையாகப் பிடித்து மூடிவிட்டுத் தம் வேலைக்குப் போனார்.

அதன்பின் சில ஆண்டுகள் பலகைகள் வந்தன, பழுது பார்த்தோம், படிப்படியாகக் குறைந்தன. சென்ற ஆண்டு சாதிக் பாய் பழைய இயந்திரங்களை விற்றுவிட்டுப் புதியவற்றை இறக்கினார். அவற்றின் உச்சியிலேயே விளக்குகள் இருந்தன. இயந்திரம் நின்றால் எரியும். அந்தோணி அவற்றின் முன் நிற்க மறுத்துவிட்டார். ஒன்றின் விளக்கின்மேல் தம் துண்டைப் போட்டு மூடிவிட்டு, கைகட்டி நின்றுகொண்டார். சாதிக் பாய் அண்ணிக்குத் தொலைபேசினார்.

"தம்பி, நீங்களே போயிட்டு வாங்க" என்றார் அண்ணி. "ஒரு வயருதான்."

போனேன். இயந்திரம் விற்ற நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் கோவையிலிருந்து வந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் ஒவ்வொரு இயந்திரத்தின் பெட்டியையும் திறந்து, ஒரு முனையில் இருந்த கம்பியைக் கழற்றி எதிர்முனையில் மாட்டினேன். இயந்திரங்கள் ஓடின, விளக்குகள் எரிந்தன.

"எல்லா ஊர்லயும் மெஷின் நின்னாத்தானுங்க லைட் எரியும்" என்றார் பொறியாளர். "இங்க மட்டும் இப்படித் தலைகீழா ஆரம்பிச்சு வெச்சது யாருங்க?"

அந்தோணி அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நீண்டது, விரல் என் மார்புக்கு நேரே வந்து நின்றது.

எத்தனையோ மேடைகளில் எதிரணியினர் என்னை நோக்கி விரல் நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மறுப்புரை வைத்திருந்தேன்.

"நான்தானுங்க" என்றேன்.

அந்தோணி அதைப் பார்க்கவில்லை. விளக்குகள் எரிவதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நூல் மாற்றப் போய்விட்டார்.